மூண்டு சீவன்காரன்

வெயில் சாயத் தொடங்கினால் ஸ்ரெல்லாவுக்கு இருக்கை கொள்ளாது. கிணற்றடிக்குப் போவாள், வாளியை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவாள். பாயில் காயும் கருவாட்டைப் புரட்டுவாள், புரட்டியதையே மறுபடியும் புரட்டுவாள். வேலிப் படலையைத் திறந்து, வீட்டுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கையின் முனைவரை பார்த்துவிட்டு வந்து, படலையைச் சாத்த மறந்து, அதற்காக இன்னொருமுறை எழும்பிப் போவாள். கடைசியில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசற்படியில் குந்துவாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கேம் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு பொத்தான், அந்தப் பக்கம் ஒரு பொத்தான், நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே கறுத்த மனிதன் ஒருவன் கறுத்த வள்ளத்தில் நிற்பான். இடக்கரையில் நிற்கும் ஆட்களை ஏற்றி வலக்கரையில் இறக்குவதே அவன் தொழில். மேலே பறவைகள் பறந்து பறந்து கல்லைப் போடும். கல் பட்டால் வள்ளம் தாழும், ஆள் சாவான். செத்தவன் சற்று நேரத்தில் இடக்கரையில் மறுபடி எழும்பி நிற்பான். அப்படி அவனுக்கு மூன்று உயிர். மிச்சம் எத்தனை என்பதைக் கண்ணாடியின் மேல்மூலையில் எறும்பளவு மனித உருவங்கள் காட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் போனால் ஆட்டம் சரி.

ஜேர்மனிக்குப் போன தங்கச்சி பெர்னடெட் எண்பத்தொன்பதில் அனுப்பிய பார்சலில், வாசனைச் சவர்க்காரத்துக்கும் நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தலுக்கும் நடுவில் வந்த சாமான் அது. "அக்கா ஒரு இடத்திலை இருக்கமாட்டாள், அவளின்ரை பிராக்குக்கு" என்று கொண்டுவந்த ஆளிடம் சொல்லிவிட்டிருந்தாளாம். உண்மைதான். சின்னவயதிலிருந்தே ஸ்ரெல்லா அப்படித்தான். கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் கையிலிருக்கும் செபமாலை மற்றவர்களைவிட இரண்டு மணி முன்னால் ஓடும். சின்னக்கடைச் சந்தையில் மீன் விற்ற காலத்தில் அந்தப் பதைப்பே அவளுக்குக் கைகொடுத்தது. மற்றவள் விலை சொல்ல வாய் திறப்பதற்குள் இவள் மீனைச் சுற்றிக் கொடுத்துவிடுவாள். வின்சன்றைக் கலியாணம் கட்டியதும் அதே அவசரத்தில்தான். பெருநாள் கூத்தில் அவன் அரசனாக வந்து ஆடியதைக் கொட்டகையின் முன்வரிசையில் இருந்து பார்த்தாள். அன்றைக்கே தீர்மானம். முடியைக் கழற்றினால் ஆள் வெறும் வின்சன்ற்தான் என்பது பிறகே தெரிந்தது. அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை.

தொண்ணூற்று மூன்றில் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வள்ளங்கள் பாதிக்குமேல் கவிழ்த்தபடி கிடந்தன. போர்க்காலம்; கடலுக்குப் போகத் தடை. குடாநாட்டை விட்டு வெளியே போகிற தரைவழியும் இல்லை. கிளாலியில் ஆழம் குறைந்த கடலேரியான களப்பைக் கடந்து பூநகரிப் பக்கம் போய் இறங்குவதுதான் ஒரே வழி. பொழுதுபட்ட பிறகு சனத்தை ஏற்றிக்கொண்டு போகும் வள்ளங்கள் விடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். களப்பில் கடற்படை சுற்றும்; நடுவில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சந்தியோகுவும் வின்சன்றும் தங்கள் வள்ளத்தைக் கிளாலிக்குக் கொண்டுபோய் அந்தத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். மத்தியானச் சோற்றோடு இரண்டு பேரும் சைக்கிளில் வெளிக்கிட்டால் மறுநாள் காலைதான் முகம் காணலாம்.

மின்சாரம் போய் மூன்று வருடம். ஸ்ரெல்லாவின் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. இரண்டு மணிக்கூட்டுப் பற்றறி போதும். கண்ணாடியைப் பார்க்க வெயில் வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். ஆகையால் வின்சன்ற் போன பிறகு பொழுதுபடும்வரைக்கும் அவளுக்கு அதுதான் துணை. சந்தியோகுவின் மனைவி லூர்த்தம்மாவும் வேலியைக் கடந்து வந்து பக்கத்தில் குந்துவாள். விளையாடத் தெரியாது, பழகவும் மாட்டாள். குற்றம் சொல்ல மட்டும் வருவாள்.

"உவன் என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்? துடுப்போ?"

"மரக்கோல், லூர்த்தக்கா. களப்பிலை ஆர் துடுப்பு வலிக்கிறது?"

"செய்தவனுக்குக் களப்புத் தெரியுமே?"

"செய்தவங்கள் ஜப்பான்காரரெண்டு மணிக்கூடு திருத்துற கனிசியசண்ணை சொன்னவர்."

"ஆராயிருந்தாலும் வள்ளத்திலை கால் வைக்காதவன். தண்ணி இறைக்க ஒரு வாளி இல்லை, நங்கூரம் இல்லை. வலைத்துண்டுகூட இல்லை. உவன் என்ன, வள்ளத்தை வாடகைக்கு எடுத்தவனோ?"

"எனக்கு உவனிலை கோவமில்லை, அக்கா. உந்தச் சனத்திலைதான்." ஸ்ரெல்லா விரலை எடுக்காமலே சொன்னாள். "பாருங்கோ, ஒருத்தற்றை கையிலையும் மூட்டை இல்லை. ஓடிற சனம் கையை வீசிக்கொண்டு வருமே? ஒரு சைக்கிள், ஒரு தையல் மிசின், ஒரு கோழியெண்டாலும் கக்கத்திலை இராதே?"

"ஏறேக்கையும் உந்த முகம், இறங்கேக்கையும் உந்த முகம். பயமில்லாததுகளை என்னத்துக்கு ஏத்திறான்? அங்கையே நிண்டால் என்ன குறைஞ்சு போச்சு?"

"அதுவும் சரிதான்."

"இறங்கினாப் பிறகு எங்கை போகுதுகள்?"

"அங்காலை கண்ணாடி முடிஞ்சுது, அக்கா."

"உதொரு மறுமொழியே?" என்றாள் லூர்த்தம்மா. அந்த மனிதனுக்கு 'மூண்டு சீவன்காரன்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

ஆண்கள் வீட்டில் நிற்கும் நாள்களில் இந்தக் கதை அவர்களிடமும் போகும். வின்சன்ற் ஒருமுறை பெட்டியைக் கையில் வாங்கி, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் புதுப் பையனைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தான்.

"ஆள் பரவாயில்லை. ஆனால் வரவு இல்லை."

"என்ன வரவு?" என்றாள் ஸ்ரெல்லா.

"கூத்திலை ஒருத்தன் சும்மா வந்து ஆடுவானே? வரவுப் பாட்டுப் பாடவேணும். நான் ஆர், எந்த ஊர், என்னத்துக்கு வாறன் எண்டு சபைக்குச் சொல்லவேணும். தலை வெட்ட வாற சேவகன்கூட, நான் இன்ன அரசன்ரை ஆள், இன்ன குற்றத்துக்கு வெட்டப்போறன் எண்டு பாடிப்போட்டுத்தான் வாளைத் தூக்குவான். உந்தக் குருவியளைப் பார். ஒரு சொல்லில்லை. வந்துது, போட்டுது, பறந்துது. உவனிலை அதுகளுக்கு என்ன கோவம்? ஆருக்குத் தெரியும்?"

"மேலாலை வாறதுகள் எங்களுக்குப் பாட்டுப் பாடிப்போட்டே போடுறதுகள், வின்சன்ற்?" என்றாள் லூர்த்தம்மா.

அதிகம் கதையாத சந்தியோகுதான் முதலில் சிரித்தான். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்கள் என்ன சொல்லுறியள், சந்தியோகண்ணை?" என்று வின்சன்ற் கேட்டான். "ஆள் எப்பிடி?"

"நல்ல பொடியன். என்ஜினுக்கு மண்ணெண்ணெய் கேக்கிறானில்லை."

அன்றைக்கு வின்சன்ற் மூண்டு சீவன்காரனுக்கு ஒரு வரவு கட்டினான். சாப்பிட்ட கோப்பையில் தாளம் போட்டு, முடியில்லாமலே அரசனாகி, முற்றத்தில் இரண்டு அடி வைத்துப் பாடினான்:

மரக்கோலைத் தாங்கி நானும் வந்தேனே – இந்த
மறுகரைக்குச் சனமேற்றி வந்தேனே
இருக்கிறது மூன்று சீவன் அறிவீரே – அதில்
எது போகும் எது மிஞ்சும் அறியேனே

"ஏன் அறியேனே? மூலையிலை போட்டுக் காட்டுறாங்கள்தானே, இத்தினை மிச்சமெண்டு" என்றாள் லூர்த்தம்மா.

"பாட்டுக்கு அப்பிடித்தான் வரும், அக்கா."

அடுத்த கிழமை உப்புக்காற்றில் பொத்தான் இறுகிப்போனது. ஒழுங்கை முனையில் மணிக்கூடு திருத்துகிற கனிசியஸ் பெட்டியைத் திறந்தார். கண்ணாடிக்குக் கீழே, கடலும் கரையும் வர்ணத்தில் அச்சடித்த மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று இருந்தது. கனிசியஸ் அதைச் சாவணத்தால் தூக்கி மேசையில் வைத்தார். மூண்டு சீவன்காரனின் உலகம் ஒரு முத்திரையளவில் கிடந்தது. ஸ்ரெல்லா குனிந்து பார்த்தாள். இடக்கரையில் ஒரு மரம், ஒரு பாறை. வேறொன்றும் இல்லை.

"உதிலை ஏதும் கீறலாமோ, அண்ணை?"

"கீறலாம். ஆனால் அசையாது, தங்கச்சி. அசையிறது அடியிலை கிடக்கிற கறுப்பு மட்டும்தான். நீ கீறிறது சும்மா நிக்கும்."

"சும்மா நிக்கிறவள்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கியூட்டெக்ஸ் போத்தலின் அடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. தீக்குச்சியைச் சீவி, நுனியில் தொட்டு, பாறைக்குப் பக்கத்தில் ஒருத்தியை நிறுத்தினாள்.

"உது ஆர்?" என்றாள் லூர்த்தம்மா அன்று பின்னேரம். "சிவப்புச் சீலையோடை. நீயோ?"

"ஆரோ ஒருத்தி. உவனுக்கு ஒரு பெண்சாதி இருக்கமாட்டாளே?"

"அப்ப நானாயும் இருக்கலாம்."

"ஆள் கொஞ்சம் மெலிவு, அக்கா."

"போடி."

ஆனால் அன்றோடு விளையாட்டு வேறாகிவிட்டது. முன்பு அவன் செத்தால் ஸ்ரெல்லா நாக்கைக் கடிப்பாள், சிரிப்பாள், மறுபடி தொடங்குவாள். இப்போது வள்ளம் தாழ்கிறபோதெல்லாம் கரையில் நிற்கிறவள் முகம் திருப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். கீறியவள் அவள்தான். ஒரு தீக்குச்சிக் கீறலுக்குக் கண் ஏது, முகம் ஏது? தெரியும். தெரிந்தும், தன்னை அறியாமலே தனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்: வின்சன்ற் களப்பில் நிற்கிற நாளில் மூன்றாவது சீவனைப் போகவிடக்கூடாது. ஒன்றாவது மூலையில் மிஞ்சியிருக்கும்போதே, பின்பக்கத்தைத் திறந்து பற்றறியைக் கழற்றிவிட வேண்டும். அப்படிக் கழற்றிய நாளெல்லாம் அவன் சுகமாகத் திரும்பினான். திரும்பினானா இல்லையா?

"உது பாவமடி" என்றாள் லூர்த்தம்மா. "சாத்திரம் பாக்கிறாளெண்டு சுவாமியிட்டைச் சொல்லிக் குடுப்பன்." சொன்னாலும், பின்னேரம் வந்து குந்தியதும், "எத்தினை மிச்சம்?" என்றே கேட்டாள். அவளுடைய மனுசனும் அதே வள்ளத்தில்தானே.

ஆவணி முடிகிறபோது கண்ணாடி மங்கத் தொடங்கியது. பற்றறி, ஆமி குடாநாட்டுக்குள்ளே விடாத சாமான். கனிசியஸ் பழைய மணிக்கூடுகளைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "வெயிலிலை வைச்சுப் பார், தங்கச்சி." ஸ்ரெல்லா இரண்டு பற்றறியையும் கருவாட்டுப் பாயின் ஓரத்தில் காயப்போட்டு, காகம் கொத்தாமல் பக்கத்திலேயே காவல் இருந்தாள். ஒரு நாளைக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மறுநாள் மூண்டு சீவன்காரன் புகைபோல நின்றான். கல் எங்கே விழுகிறது என்று தெரியவில்லை.

வின்சன்ற் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"இஞ்சாருங்கோ. அங்காலை வவுனியாப் பக்கத்து யாவாரியள் வாறவையெல்லே?"

"ஓம். ஏன்?"

"ரெண்டு மணிக்கூட்டுப் பற்றறி. பொட்டளவுதான்."

காற்றடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "விசரே உமக்கு? பிடிபட்டால் என்னெண்டு சொல்லுறது? பெண்சாதி கேம் விளையாட வேணுமாம் எண்டோ?"

"வேண்டாமெண்டால் வேண்டாம்."

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பாப்பம்." அவன் படலை தாண்டியதும், கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. வாய் திறப்பதற்குள் சந்தியோகுவின் சைக்கிளும் சேர்ந்து ஒழுங்கையைத் திரும்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிறவள் அதற்கு மட்டும் பிந்திப்போனாள்.

அன்று பின்னேரம் பெட்டியைத் தொடுவதில்லை என்று இருந்தாள். இருக்க முடியவில்லை. வெயிலை நோக்கிச் சரித்துப் பிடித்தால் கொஞ்சம் தெரிந்தது. ஒரு சீவன் போனது. இன்னொன்று போனது. போதும் என்று பின்மூடியில் நகத்தை வைக்கும்போதே, கண்ணுக்குத் தெரியாத கல் ஒன்று விழுந்துவிட்டது. வள்ளம் தாழ்ந்தது. மூலையில் ஒன்றும் இல்லை. கரையில் சிவப்பி மட்டும் துலக்கமாக நின்றாள்.

லூர்த்தம்மா பார்த்தாள். சீலையை உதறிக்கொண்டு எழும்பி, வேலியைக் கடந்து போனாள்.

விடிந்ததும் கதை வந்துவிட்டது. களப்பில் கடற்படையின் சூடு விழுந்ததாம். வள்ளங்கள் தாழ்ந்ததாம். எத்தனை என்று ஒருவர் ஒன்று சொன்னார், மற்றவர் வேறொன்று சொன்னார். ஸ்ரெல்லா படலைக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். அடுப்பு மூட்டவில்லை, ஆனாலும் அடுப்படிக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் லூர்த்தம்மா சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை.

மத்தியானம் சந்தியோகு வந்தான். யாரோ சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு காலிலும் சீலைத் துண்டு; சிப்பி வெட்டிய காயம். தனி ஆள்.

லூர்த்தம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ஸ்ரெல்லா வேலியைப் பிடித்தபடி நின்றாள்.

"வின்சன்ற் வரேல்லை" என்றான் சந்தியோகு அவளைப் பார்த்து. "பயப்பிடாதை, பிள்ளை. வள்ளத்திலை அவன் இல்லை. அங்காலையே நிண்டிட்டான். சனமும் ஏத்தேல்லை, பருப்பு மூட்டை மட்டும்தான். நான் தனிய வெளிக்கிட்டன். சூடு விழ, குதிச்சு நீந்தி, ஆழமில்லாத இடத்திலை நடந்து வந்தன். வள்ளம் தாழ்ந்து போச்சு."

"அவன் ஏன் நிண்டவன்?" என்றாள் லூர்த்தம்மா.

சந்தியோகுவுக்கு ஒளிக்கத் தெரியாது. "ஒரு யாவாரி வருவானெண்டு பாத்துக்கொண்டு நிண்டவன். மணிக்கூட்டுப் பற்றறிக்கு."

லூர்த்தம்மா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஸ்ரெல்லா பிறகு எந்த ஊரில் எந்தக் கட்டிலில் கிடந்தாலும் மறக்கவில்லை.

"உன்ரை மனுசன் உனக்கு விளையாட்டுச் சாமான் வாங்க நிண்டவன். என்ரை மனுசன் தனிய வந்தவன்" என்றாள். அவ்வளவுதான். கணவனைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்ரெல்லாவுக்கு இன்னும் ஓர் இரவு மிச்சம் இருந்தது. அவனும் அதே களப்பைக் கடந்துதானே வரவேண்டும். பெட்டியை எடுக்கவில்லை. எடுத்தாலும் அதற்குள் ஒருவரும் இல்லை.

மறுநாள் காலை வின்சன்ற் வந்தான். வேறு யாருடையதோ வள்ளத்தில் வந்து, கடன் சைக்கிளில் மிதித்து வந்திருந்தான். முதலில் வேலியைக் கடந்து சந்தியோகு வீட்டுக்குப் போனான். அங்கே என்ன கதைத்தார்கள் என்பது ஸ்ரெல்லாவின் காதில் விழவில்லை. திரும்பி வந்து, பையிலிருந்து புளி உருண்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தான். பிதுக்கினாள். புளியங்கொட்டைகளுக்கு நடுவில் இரண்டு பற்றறி.

"நான் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"நான் நிண்டிருக்கக் கூடாது. நிண்டபடியால் நானும் இருக்கிறன். என்னெண்டு கணக்குப் பாக்கிறது, சொல்லும் பாப்பம்." அவன் கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தான்.

பற்றறிகளைக் கழுவித் துடைத்து மாதாவுக்கு முன்னால் வைத்தாள். பெட்டியில் போடவில்லை. லூர்த்தம்மா வேலியைக் கடக்கவில்லை. வெயில் சாயும், ஸ்ரெல்லா கருவாட்டைப் புரட்டுவாள், படலையைத் திறப்பாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலும் படலை திறக்கிற சத்தம் கேட்கும்.

சந்தியோகுவின் கால் ஆறியது. வள்ளம் இல்லாதவர்கள் வேறொருவரின் வள்ளத்தில் கையாளாகப் போவதென்று தீர்மானித்தார்கள். வேறு என்ன செய்வது? போகிற அன்று, இரண்டு ஆண்களும் முற்றத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லூர்த்தம்மா வந்து வாசற்படியில், தன் பழைய இடத்தில் குந்தினாள்.

"பற்றறியைப் போடடி."

"வேண்டாம், அக்கா."

"என்ரை மனுசன் ஒரு சீவன் குடுத்து வந்த பற்றறி. சும்மா கிடக்கவே?"

ஸ்ரெல்லா போட்டாள். மூண்டு சீவன்காரன் மை போலக் கறுப்பாக எழும்பி நின்றான். மூலையிலும் கறுப்பாக, துலக்கமாக, மிச்ச உயிர்கள். லூர்த்தம்மா அதைச் சுட்டுவிரலால் தொட்டாள்.

"எனக்கு உதிலைதான் ஆத்திரம். அண்டைக்கே சொல்ல நினைச்சனான். உவனுக்கு மட்டும் எத்தினை கிடக்கெண்டு எழுதி வைச்சிருக்கு. இவைக்கு ஆர் மூலையிலை போட்டுக் காட்டுறது? பாத்துப் பாத்து நிப்பாட்ட, எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

ஸ்ரெல்லா எழும்பி உள்ளே போனாள். கியூட்டெக்ஸ் போத்தலையும் தீக்குச்சியையும் கொண்டுவந்தாள். இந்தமுறை கண்ணாடியைத் திறக்கவில்லை. போத்தலின் அடியைச் சுரண்டி, மேலாலேயே அந்த மூலையில் பூசினாள். ஒன்றன்மேல் ஒன்றாக, உள்ளே ஒன்றும் தெரியாத அளவுக்கு. லூர்த்தம்மா ஊதிக் காயவைத்தாள்.

"இப்ப என்ரை வரவுப் பாட்டுக்குச் சரி" என்றான் பார்த்துக்கொண்டு நின்ற வின்சன்ற், மெதுவாக. பாடவில்லை.

"எத்தினை மிச்சம்?" என்று சந்தியோகு சைக்கிளில் ஒரு காலைப் போட்டபடி பகிடியாகக் கேட்டான்.

"தெரியாது" என்றார்கள் இரண்டு பெண்களும்.

சைக்கிள்கள் ஒழுங்கையைத் திரும்பின. பார்க்க எழும்பிய ஸ்ரெல்லாவின் சட்டைக் கையைப் பிடித்து லூர்த்தம்மா இருத்தினாள். ஆட்டம் தொடங்கியது. முதல் சனம் ஏறியது, இறங்கியது. பறவை வந்தது. கல் விழுந்தது. வள்ளம் தாழ்ந்தது. பழக்கத்தில் இரண்டு பேருடைய கண்களும் மூலைக்குப் போயின. அங்கே வெறும் சிவப்பு. ஸ்ரெல்லா விரலை எடுக்கவில்லை.

சிவப்புச் சீலைக்காரிக்குப் பக்கத்தில், மரக்கோலோடு, அவன் வந்து நின்றான்.

"எழும்பிட்டான்" என்றாள் லூர்த்தம்மா. "கெதியா, கெதியா. சனம் நிக்குதெல்லே."